ஆகாயத்தாமரையும் அரசரின் அரைத் தாடியும்

முன்னொரு காலத்தில், ஏரி நிறையத் தண்ணீரும் சபை நிறைய வாயும் இருந்த நாடு ஒன்று இருந்தது. அந்த நாட்டு அரசருக்குத் திடீர் திடீரென ஆசை வரும். ஒருநாள், ஏரியில் பூ மிதக்க வேண்டும் என்று ஆசை வந்தது. மந்திரி புண்ணியகோடி எங்கிருந்தோ ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து ஏரியில் விட்டார். ஊதாப் பூ, கொள்ளை அழகு! அரசர் மகிழ்ந்துபோய் மந்திரிக்கு முத்துமாலை பரிசளித்தார்.

ஒரே மழைக்காலம்தான். அந்தச் செடி ஏரியையே விழுங்கிவிட்டது. மீன் செத்து மிதந்தது, மடைக்குத் தண்ணீர் வரவில்லை. ஏரிப் பணியாட்களின் தலைவி மூக்காயியும் அவள் கூட்டத்தாரும் கழுத்தளவு நீரில் நின்று பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் போட்டார்கள். அட்டை கடித்தது, காலெல்லாம் சேற்றுப்புண். பாவிச் செடி, இன்று பிடுங்கினால் நாலு நாளில் மறுபடி பச்சை கட்டியது.

அரசர் படகில் உல்லாசம் போக வந்தார். படகு செடியில் சிக்கி அசையவில்லை. வந்ததே கோபம்! உடனே சபை கூடியது.

"மன்னா, பிடுங்கிய செடி மறுபடி முளைக்கிறது. ஆகவே ஏரிப் பணியாட்கள் வேலையே செய்யவில்லை. செய்த வேலை நிலைத்து நின்றால்தான் கூலி என்று ஆணையிடுங்கள்" என்றார் புண்ணியகோடி.

ஆணை போட்டாயிற்று. அதே மூச்சில் சபையினருக்குச் சம்பளமாக அளக்கும் படிநெல்லை இரட்டிப்பாக்கவும் தீர்மானம்! அதற்கு ஒரு வாயும் மறுப்புச் சொல்லவில்லை. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறதே, அங்கே உட்கார்ந்திருந்த விகடகவி குப்பாண்டிக்கு எப்படி இருந்திருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டான்.

மந்திரி அதைக் கவனித்துவிட்டார். குப்பாண்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "விகடகவியின் முகம் சிவக்கிறதே! இந்த ஆணையை அவரே நிறைவேற்றட்டும் மன்னா. ஓர் எழுத்துப் பிசகினாலும் நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

"சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் இந்த ஆணை பொருந்துமா, மன்னா?" என்று குப்பாண்டி கேட்டான்.

"ஆணை என்றால் எல்லாருக்கும்தான்!"

வாசலில் மூக்காயி வழிமறித்தாள். "ஏஞ்சாமி, நெல்லு அளக்க மாட்டாங்களாமே? புள்ளைங்களுக்கு எதைப் பொங்கிப் போடுறது? செடி முளைச்சா எங்க குத்தமா? கொண்டாந்து விட்ட மகராசன் மட்டும் முத்துமாலை போட்டுக்கிட்டு திரியுறாரு!"

"ஒரு நாள் பொறு, ஆத்தா" என்றான் குப்பாண்டி.

மறுநாள் காலை, நாவிதர் அரசருக்கு ஒரு கன்னம் மழித்து முடித்த நேரம். குப்பாண்டி உள்ளே வந்து மறு கன்னத்தை உற்றுப் பார்த்தான். "நேற்று மழித்த தாடிதானே இது? மறுபடி முளைத்திருக்கிறது. ஐயா, நேற்று நீர் வேலையே செய்யவில்லை. உமக்குக் கூலி கிடையாது."

நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அரசர் அரைத் தாடியோடு சாப்பிடப் போனார். இலை காலியாகக் கிடந்தது. சமையல்காரர் கைகட்டி நின்றார். "நேத்து ஆக்கிப் போட்டேன், மகாராஜா. இன்னிக்கு மறுபடி பசிச்சிருச்சுல்ல? அதனால நேத்து நான் ஆக்கவே இல்லையாம். கூலி கெடையாதுன்னு குப்பாண்டி ஐயா சொல்லிட்டாரு."

பசியோடு சபைக்கு வந்த அரசர் கர்ஜித்தார். "குப்பாண்டி! என்ன திமிர் இது?"

"திமிர் அல்ல மன்னா, தங்கள் ஆணை. ஓர் எழுத்தும் பிசகவில்லை." குப்பாண்டியின் குரல் நடுங்கியது. பயத்தால் அல்ல, ஆத்திரத்தால். "ஒரு வேளைப் பசி தங்களுக்கே தாங்கவில்லை. ஏரிக்கரைப் பிள்ளைகளின் வயிறு மட்டும் கல்லா? இன்னொன்று. மந்திரியார் நேற்றுத் தங்களைப் புகழ்ந்தார், இன்றும் புகழ்கிறார். நேற்றைய புகழ் நிலைக்கவில்லை போலும். அவருடைய படிநெல்லையும் நிறுத்திவிட்டேன்."

அரசர் வழுவழுத்த கன்னத்தைத் தடவினார், சொரசொரத்த கன்னத்தையும் தடவினார். முதலில் வெட்கம் வந்தது, பிறகு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. ஆணை ரத்தாயிற்று. சபையினர் கூட்டிக்கொண்ட படிநெல் ஏரிப் பணியாட்களுக்குப் போயிற்று. அரசர் தம் மோதிரத்தைக் கழற்றிக் குப்பாண்டிக்குக் கொடுத்தார்.

குப்பாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "மோதிரம் இருக்கட்டும் மன்னா. செடியைக் கொண்டுவந்தவர் ஏரியில் இறங்கட்டும்" என்றான்.

அரசர் தலையசைக்க, முத்துமாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் புண்ணியகோடி கழுத்தளவு நீரில் இறங்கினார். பொழுது சாயும்போது மூக்காயி எல்லாருக்கும் நெல் அளந்தாள். மந்திரியின் துண்டிலும் குறையாமல் அளந்து போட்டாள்.

"நீங்களும் பாடுபட்டீங்கல்ல, வாங்கிக்குங்க. நாளைக்கும் முளைக்கும் சாமி, வெள்ளன வந்துடுங்க."