திறந்தே கிடந்த பக்கங்கள்

"இது எனக்கு வராது, மேடம். வராதுன்னே எழுதி அனுப்பிடுங்க."

டாக்டர் ஆவுடையப்பன் தொடுதிரை டேபை மேசைமேல் தள்ளினார். கொஞ்சம் வேகமாகத்தான் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய், நோயாளிகள் கை வைக்கும் சின்னத் தலையணையில் முட்டி நின்றது.

அமலோற்பவம் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அது ஒரு தாலுகா மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவு. பிரிவு என்றால் அந்த ஒரு அறைதான். அதில் ஆவுடையப்பனுக்கு ஒரு நாற்காலி. ஐம்பது தாண்டிய மனிதர். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தாரென்றால், நோயாளி வாயைத் திறக்கு முன்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார் என்று சுற்று வட்டாரத்தில் பேர்.

இப்போது மருந்துச் சீட்டு கிடையாது. நோயாளியின் பக்கத்தை டேபில் உள்ள பிரவுசரில் திறந்து, மருந்தை அதிலேயே பதிய வேண்டும். மருந்தகத்தில் அதைப் பார்த்துக் கொடுப்பார்கள். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து அமலோற்பவத்தை அனுப்பியிருந்தார்கள். இன்று மாலைக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். 'வரும்' என்று எழுதினால் நாற்காலி ஆவுடையப்பனுக்கு. 'வராது' என்று எழுதினால் அவருக்கு மருந்துக் கிடங்கில் வேலை.

கிடங்கில் மூட்டைகள் உண்டு. பெட்டிகள் உண்டு. மணிக்கட்டு கிடையாது.

"முந்தாநாள் நடந்ததை நினைச்சா சொல்றீங்க?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"வேற எதை நினைக்கிறது?"

முந்தாநாள், மூட்டுவலிக்கார மாசானத்துக்கு நினைத்த மருந்தை, ஏற்கெனவே திறந்து கிடந்த ஒரு கர்ப்பிணியின் பக்கத்தில் பதிந்துவிட்டார். மருந்தகத்திலிருந்து ரஹ்மத் ஓடி வந்தார். "சார், மாசமா இருக்கிற பிள்ளைக்கா இது?" மருந்து கை மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு, சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். வித்தையெல்லாம் விரல் நுனியில் இருப்பதாக நினைத்திருந்தோமே, அதே விரல்தானே இதையும் செய்தது? அப்படியானால் இத்தனை நாள் அந்த விரலுக்குத் தெரிந்தது என்ன?

அமலோற்பவம் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏதாவது ஒரு பேரைத் திறங்க."

ஆவுடையப்பன் மூன்று விரலையும் கண்ணாடியில் வைத்தார். எழுத்துகள் பெரிதாகி, சிறிதாகி, ஓரமாக ஓடின.

"ஒரு விரல் போதும்."

ஆள்காட்டி விரலை ஒரு பெயரின் மேல் வைத்தார். வைத்தபடியே இருந்தார். இமைகூட லேசாகத் தாழ்ந்தது. பெயருக்குக் கீழே திடீரென்று ஒரு பட்டியல் முளைத்தது. அதில் மேலே இருந்ததைத் தொட்டார். எங்கோ பின்னால் ஒரு புதிய பக்கம் திறந்துகொண்டது. முன்னால் எதுவும் மாறவில்லை. மறுபடியும் விரலை வைத்தார்.

"எதுக்குக் காத்திருக்கீங்க, டாக்டர்?"

"பதில் வரணுமில்லையா?"

"யார்கிட்டேயிருந்து?"

ஆவுடையப்பன் தன் விரலைப் பார்த்தார். நகம் வெளுத்திருந்தது.

"வச்ச உடனே எடுத்துட்டா என்ன தெரியும், மேடம்? நாடி விரலுக்கு வந்து சேர நேரமாகும். அவசரப்பட்டவன் ஏமாந்துதான் போவான்."

அமலோற்பவம் ஒரு பெயரைத் தொட்டார். பக்கம் திறந்தது.

"எப்பத் திறந்துச்சு?"

"தொட்டப்போ."

"இன்னொரு தடவை பாருங்க."

இந்த முறை அமலோற்பவம் கொஞ்சம் மெதுவாகத் தொட்டார். விரல் கண்ணாடியில் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. விரல் எழும்பியது. பக்கம் திறந்தது.

"எப்ப?"

ஆவுடையப்பன் குனிந்து அந்த விரலைப் பார்த்தார்.

"எடுத்தப்போ."

"ம்."

அமலோற்பவம் டேபை அவர் பக்கம் நகர்த்தினார். ஆவுடையப்பன் முயன்று பார்த்தார். வைப்பது சுலபமாக இருந்தது. எடுக்கத்தான் மனம் வரவில்லை. எடுத்தால் ஏதோ ஒன்று தவறிப் போய்விடும் என்று விரல் பிடிவாதம் பிடித்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"டாக்டரய்யா, நான் உள்ள வரலாமா? இல்ல, அந்தக் கண்ணாடிதான் கூப்பிடணுமா?"

மாசானம். வாழை மண்டியில் தார் இறக்குகிறவர். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வந்து உட்கார்ந்தார்.

"என் மருந்தை ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கப் பாத்தீங்களாமே? ரஹ்மத் சொன்னாரு. நல்ல வேளை, அவ மருந்து எனக்கு வரல. வந்திருந்தா எனக்கு வளைகாப்பு நடத்தியிருக்கணும்."

ஆவுடையப்பனின் முகம் செத்துப்போயிற்று.

"அட, விளையாட்டுக்குச் சொன்னேன்யா. நீங்க பாட்டுக்கு..."

மாசானம் பேச்சை விட்டுவிட்டு, வலது கையைத் தலையணைமேல் வைத்தார். யாரும் சொல்லத் தேவையில்லை. பல வருஷப் பழக்கம்.

ஆவுடையப்பன் அந்தக் கையைத் தொடவில்லை. டேபை எடுத்தார். முதலில் பக்கம், பிறகுதான் மற்றதெல்லாம். இன்றைக்கும் ஆள் மாறிப் போனால்? பெயரின் மேல் விரலை வைத்தார். பட்டியல் முளைத்தது. தொட்டார். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"என் நாடியைவிட அதுக்குத்தான் மோசமா இருக்கும்போல," என்றார் மாசானம். "அதை முதல்ல பாருங்க. நான் இருக்கேன்."

அமலோற்பவம் எட்டிப் பார்த்தார். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் இரண்டு புள்ளி, ஒரு வளைவு. படுத்துக்கொண்டு சிரிக்கும் முகம்.

"இது என்னன்னு தெரியுமா, டாக்டர்?"

"வணக்கம் சொல்லுதுன்னு நினைச்சேன்."

"எத்தனை பக்கம் திறந்து கிடக்குன்னு அங்கதான் எண் வரும். அளவு மீறிப் போயிட்டா, எண்ணுறதை விட்டுட்டுச் சிரிச்சிடும்."

"நல்ல குணம்," என்றார் மாசானம். "மண்டியில எங்க கணக்கப்பிள்ளை அப்பல்லாம் அழுவாரு."

அமலோற்பவம் அந்த முகத்தைத் தொட்டார். திறந்த பக்கங்கள் எல்லாம் அட்டை அட்டையாக வந்து நின்றன. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

"தெரியாமத் திறந்தது சரி. ஒண்ணைக்கூட ஏன் மூடல?"

"குணமாகாம எப்படி மூடுறது?"

ஆவுடையப்பன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அமலோற்பவம் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஓர் அட்டையைக் காட்டினார்.

"இது யாரு?"

"தங்கபாண்டி. உடம்பெல்லாம் தடிப்பு. ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டே இருப்பான்."

"இது?"

"ஜெசிந்தா டீச்சர். ஒத்தைத் தலைவலி. பரீட்சைத் தாளைக் கையில எடுத்தா வந்திடும்."

"இது?"

"பீர்முகமது. தூக்கம் இல்ல. ஆனா தூக்கம் இல்லைன்னு ஒத்துக்க மாட்டாரு."

எதையும் அவர் படித்துச் சொல்லவில்லை. பெயரைப் பார்த்ததுமே ஆள் எதிரில் வந்து நின்றது போலச் சொன்னார். குரலில்கூட ஒரு தெம்பு வந்திருந்தது.

"இது?"

"செல்லக்கனி." குரல் இறங்கியது. "மூச்சிரைப்பு. ரெண்டு மாசமா வரல. என்ன ஆச்சோ, தெரியல."

"கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"இல்ல."

"நம்பர் இதுலேயே இருக்கே."

"இருக்கு."

"அப்புறம் ஏன் கேக்கல?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். 'பக்கம்தான் திறந்து இருக்கே' என்ற பதில் நாக்கு வரை வந்துவிட்டது. சொல்லக் கூசியது.

அமலோற்பவம் டேபை அவர் கையில் கொடுத்தார்.

"இவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க, டாக்டர்?"

"எங்க இருப்பாங்க? வீட்டுல. வேலையில. அவங்கவங்க ஊர்ல."

"அப்ப இந்த அறையில உக்காந்திருக்கிறது யாரு?"

ஆவுடையப்பன் கையிலிருந்த டேபைப் பார்த்தார்.

"நான்தான் உக்காந்திருக்கேன்," என்றார் மாசானம், கேள்வி தன்னைப் பற்றியது என்று நினைத்து.

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். மாசானத்தின் கை இன்னும் அந்தத் தலையணைமேல்தான் இருந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி. ரேகைகளில் எல்லாம் வாழைக்கறை. எவ்வளவு நேரமாக அப்படி நீட்டி வைத்திருக்கிறாரோ.

ஆவுடையப்பன் டேபைக் கவிழ்த்து வைத்தார்.

மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரலும் போய்த் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. கண் மூடியது. அமலோற்பவம் தன் போனை எடுத்து, சத்தமில்லாமல் ஏதோ தொட்டுவிட்டு உள்ளே வைத்தார்.

"மாசானம்."

"சொல்லுங்க."

"நீரு ஒழுங்காச் சாப்பிடறதில்ல."

"முட்டிக்குல்ல வந்தேன்?"

"முட்டி எங்கயும் போயிடாது. எத்தனை நாளா இப்படி?"

மாசானம் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்காரி ஊர்ல இல்லய்யா. மக பேறுகாலத்துக்குப் போயிருக்கா. கடைச் சோறு எனக்கு இறங்கல." ஒரு நொடி விட்டு, "உங்களுக்கும் வீட்டுச் சோறே இறங்கலையாமே? ரஹ்மத் சொன்னாரு," என்றார்.

"ரஹ்மத் மருந்தும் கொடுப்பாரா, இல்ல இதே வேலைதானா?"

மாசானம் சிரித்தார். முந்தாநாளிலிருந்து முதல் தடவையாக ஆவுடையப்பனும் சிரித்தார்.

கையை விட்டார். டேபை நிமிர்த்தினார். தங்கபாண்டியின் அட்டை மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டு, விரலை எடுத்தார். தங்கபாண்டி போனார். ஜெசிந்தா டீச்சர் போனார். பீர்முகமது போனார். போகிறவர்களை அவர் ஒரு கணம் பார்த்தார். ஆனால் விரல் தயங்கவில்லை.

செல்லக்கனியிடம் வந்தபோது நின்றது.

சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். திரையில் இருந்த எண்ணைப் பார்த்து அழுத்தினார். மறுமுனையில் எழுந்த குரல் அறை முழுக்கக் கேட்டது.

"யாரு, டாக்டரா? வரலைன்னு சண்டை போடவா கூப்பிட்டிய? மாடு ஈனியிருக்கு. கன்னை விட்டுட்டு எப்படி வர?"

"மூச்சு வாங்குதேம்மா."

"மாட்டைப் பிடிச்சு இழுத்தா யாருக்குத்தான் வாங்காது? நீங்க வந்து இழுத்துப் பாருங்க."

"மருந்து இருக்கா?"

"தீந்து போச்சு," என்றது குரல், இப்போது மெதுவாக.

"நாளைக்கு வாங்க. கன்னையும் பிடிச்சுக்கிட்டு வந்தாலும் சரி."

"வாரேன்."

ஆவுடையப்பன் போனைப் பைக்குள் வைத்தார். செல்லக்கனியின் அட்டையிலும் பெருக்கல் குறியைத் தொட்டு, விரலை எடுத்தார். பிறகு மீதியையும். கடைசியில் நோயாளிகளின் பெயர்கள் உள்ள ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது. மூலையில் சிரிப்பு இல்லை. 'ஒன்று' என்ற எண் இருந்தது.

நிமிர்ந்தபோது அமலோற்பவம் தோளில் பையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், அறிக்கை?"

"அனுப்பியாச்சு."

"எப்போ?"

"இதைக் கவிழ்த்து வச்சீங்களே, அப்போ."

"என்னன்னு?"

"நாற்காலியை மாத்த வேண்டாம்னு."

"அது வரைக்கும் நான் ஒரு பக்கம்கூடச் சரியாத் திறக்கலையே, மேடம்?"

அமலோற்பவம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டதோ, கேட்கவில்லையோ.

ஆவுடையப்பன் மாசானத்தின் பக்கம் திரும்பினார்.

"பேரு?"

"என்னய்யா இது! என் பேரு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீரே சொல்லும்."

"மாசானம்."

ஆவுடையப்பன் அந்தப் பெயரைத் தொட்டார்.

விரலை எடுத்தார்.