பீர் முகமது காரில் ஒரு கோடு

செங்கோட்டைக்குப் பக்கத்துச் சின்ன மடம் அது. குரு ஆவுடையம்மைக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் செண்பகராமனுக்கு அறுபத்து மூன்று. தாலுகா ஆபீசில் ஊரையே அதட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்ற மனிதர், மடத்துக்கு வந்ததும் பித்தளை விளக்கு தேய்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் தேய்த்த விளக்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

யாருக்கும் அஞ்சாத அந்த மனிதர், விதைக்கடை பீர் முகமதுவின் கார் சத்தம் கேட்டால் மட்டும் மாட்டுத் தொழுவத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார்.

காரணம் இருந்தது. போன ஐப்பசியில் தோட்டத்தில் அவரை நல்ல பாம்பு கடித்துவிட்டது. விதை கொடுக்க வந்திருந்த பீர் முகமது, போட்ட மாலைகூட வாடாத தன் புதுக் கருநீலக் காரில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். மடத்து வாசல் கல்தூண் கார்க் கதவை நீளத்துக்குக் கீறியது. மனிதர் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை.

செண்பகராமன் பிழைத்தார். கதவில் கோடு தங்கிவிட்டது.

நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு நிறைய ஆசை. இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே எந்த வாயால் சொல்வது? கால் தானாகத் தொழுவத்துக்குத் திரும்பிவிடும். பத்து மாதம் இப்படியே போயிற்று.

ஆவணியில் பீர் முகமது குடும்பத்தோடு நாகூர் கிளம்பினார். அவர் தெருவில் குழாய் போடத் தோண்டியிருந்ததால் காரை மூன்று நாளைக்கு மடத்தில் நிறுத்தி, சாவியை ஆவுடையம்மையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று செண்பகராமன் வேட்டியை மடித்துக் கட்டினார். கோடு போய்விட்டால் பீர் முகமதுவை நிமிர்ந்து பார்க்கலாம். ஆனால் கைக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். புளியைக் கரைத்தார், தேங்காய் நாரை எடுத்தார், விளக்கைத் தேய்ப்பதுபோல் காரைத் தேய்த்தார்.

கோடு அசையவில்லை. அதைச் சுற்றி அப்பளம் அகலத்துக்குப் பெயின்ட் மங்கி வெளுத்துப்போனது.

புளிக்கையோடு குருவின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, கெடுத்துட்டேன்."

ஆவுடையம்மை வந்து பார்த்தார்.

"புளியா போட்டீய?"

"ஆமாம்மா."

"நல்லவேளை, விபூதி போட்டுப் பளபளப்பு ஏத்தாம விட்டீயளே."

"அதையும் போட்டுட்டேம்மா."

குரு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவருடைய அண்ணன் புளியங்குடியில் கார் பெயின்ட் பட்டறை வைத்திருந்தவர். பாவாடை கட்டிய வயதிலேயே கதவுக்குக் கதவு தேய்த்துக் கொடுத்த கை அவருடையது.

"ரெண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரும், பளபளப்பு ஏத்துற காம்பவுண்டு பசையும் வாங்கிட்டு வாங்க. தேங்கா நாரை மாட்டுக்கொட்டாய்ல போட்டுருங்க."

மறுநாள் காலை காரை நிழலுக்குத் தள்ளினார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். மெல்லிய உப்புத்தாளான அந்தப் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, மங்கிய இடத்தில் மட்டும் குரு மெல்லத் தேய்த்துக் காட்டினார். பிறகு சீடரின் கையில் கொடுத்தார்.

"அழுத்தாதீய."

"அழுத்தாம எப்படிம்மா போவும்?"

"அழுத்தித்தான இப்படி ஆச்சு?"

பேப்பர் வேலை முடிந்ததும் காம்பவுண்டை மெத்தென்ற பனியன் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தார்கள். உச்சிவேளைக்குள் வெளுப்பு போய்ப் பழைய கருநீலம் திரும்பியது. வேப்பமரம் கதவில் தெரிந்தது. செண்பகராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைவிட இருபது வயது சின்னவர், தான் செய்த கூத்துக்குத் தரையில் உட்கார்ந்து கை நோகத் தேய்த்திருக்கிறாரே என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கோடு மட்டும் இருந்தது.

"இதையும் தேய்ச்சிருவோமாம்மா?"

"நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. தட்டுதா?"

"தட்டுது."

"அப்போ ஆழமாப் போயிருக்கு. தேய்ச்சா போவாது. பெயின்ட்டைத் தொட்டுத் தொட்டு வச்சு, காயவிட்டு, திரும்ப வைக்கணும்."

"நான் இப்பவே போய் வாங்கிட்டு வாரேன்."

"வண்டி யாருது?"

"பீர் முகமதுவோடது."

"அவரைக் கேட்டீயளா?"

செண்பகராமன் மூன்றாம் நாள் விடியும்வரை கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெயின்ட் வாங்கவும் போகவில்லை.

காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பீர் முகமதுவின் குரல் கேட்டது. செண்பகராமன் தொழுவத்தைப் பார்த்து நடந்தார்.

எதிரே ஆவுடையம்மை நின்றிருந்தார். கையில் கார் சாவி.

"நீங்களே கொண்டு போய்க் குடுங்க."

"கோடு அப்படியே இருக்கேம்மா."

"இருக்கு."

"புதுக் காரும்மா. எனக்காகக் கீறிக்கிட்டாரு. இதை வச்சுக்கிட்டு அவருக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

குரு சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அன்னைக்கு உங்க தலை என் மடியிலதான் கெடந்தது. உங்களுக்கு நெனவில்ல. தூண்ல கதவு கீறுனப்போ அவரு திரும்பியே பாக்கல. ஆஸ்பத்திரி வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டே வந்தாரு: 'அண்ணாச்சி, மூச்சு இருக்கா? அண்ணாச்சி, மூச்சு இருக்கா?' பத்து மாசம் ஆச்சு. நீங்க இன்னும் அவருக்குப் பதில் சொல்லல."