வெள்ளையடிக்கிற காசு

"சாமி, நடந்தது விதின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போய்த் தூங்கறேன்."

கோதண்டம் மடத்துக்குள் நுழைந்ததும் கேட்டது இதைத்தான். சாமி அவரைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் பல வருஷமாக அவர்தான் குரு.

"என்ன நடந்தது?" என்றார் சாமி.

பெரம்பூரில் கோதண்டத்துக்கு ஒரு வீடு. மூன்று போர்ஷன், மூன்றும் வாடகைக்கு. பின் போர்ஷனில் எட்டு வருஷமாக ரெஜினா குடியிருந்தாள். துணி தைத்துப் பிழைக்கிறவள். போன மழையில் கூரையின் காரை பெயர்ந்து அவள் வலது கையில் விழுந்தது. மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. இனி அந்தக் கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"முன்னாடியே சொன்னாங்களா?"

"சொல்லிட்டேதான் இருந்தா. 'மேல ஓதம் ஊறியிருக்கு சார், வந்து பாருங்க'ன்னு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். மழை விடட்டும்னேன். மழை விட்டதும் மறந்துட்டேன்."

கோதண்டம் கெட்டவர் இல்லை. கொஞ்சம் கையிறுக்கம், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நாம் சொல்லலாம், ரெஜினா சொல்ல முடியுமா?

"வர்ற வாடகையில வீட்டுக்குன்னு என்ன எடுத்து வைப்பீங்க?"

"வீட்டு வரி, தண்ணி வரி. மோட்டார் கெட்டா அதுக்கு."

"கூரைக்கு?"

"கூரை எங்க போயிடப்போகுது சாமி, விழும்போது பாத்துக்கலாம்னு..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கோதண்டம் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இது அன்னதானத்துக்கு."

"ஏது?"

"ரெஜினா காலி பண்ணிட்டா. அட்வான்ஸ்ல பிடிச்சது."

"எதுக்குப் பிடிச்சீங்க?"

"வெள்ளையடிக்க. காலி பண்றவங்ககிட்ட ஒரு மாச வாடகை பிடிக்கிறது ஊர் வழக்கம்தானே?"

"அந்தக் காசுல வெள்ளையடிப்பீங்களா?"

"அடுத்து வர்றவங்க அவங்களே அடிச்சுக்கறேம்பாங்க. இந்தக் காசை இங்க கொண்டாந்து குடுத்துடுவேன். ஒரு பைசா நான் தொட்டதில்ல."

"அப்ப இத்தனை நாளா நான் சாப்பிட்டது உங்க கூரையைத்தான்," என்றார் சாமி.

கோதண்டத்துக்கு முகம் செத்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"நான் கேக்கவே இல்ல சாமி. கட்டுப்போட்ட கையோட வந்து நின்னு, 'வெள்ளையடிக்கிற காசைப் பிடிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க சார்'னு அவளே சொன்னா. பழக்க தோஷம், கை தானா எண்ணிப் பிடிச்சிடுச்சு. அவ தெரு முனை திரும்பினப்புறம்தான் உறைச்சது. ஓடிப் போய்க் குடுக்க வெக்கமா இருந்தது."

கோதண்டம் கைகூப்பினார். "விதின்னு சொல்லுங்க சாமி."

சாமி எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பின் போர்ஷன் காலியாத்தானே கிடக்கு? சாவியைக் குடுங்க. நான் குடி வரேன்."

கோதண்டம் பதறி எழுந்தார்.

"வேணாம் சாமி. மிச்சக் காரை எப்ப விழும்னு சொல்ல முடியாது."

"பரவாயில்ல. விழும்போது பாத்துக்கலாம்."

"தளம் பூரா உடைச்சுப் பூசணும். கம்பியெல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. நீங்க அங்க படுத்தா எனக்குத் தூக்கம் வருமா?" கோதண்டம் சாவி இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதுல மனுஷங்க இருக்க முடியாது சாமி."

சாமி நீட்டிய கையை மடக்கவில்லை.

"எட்டு வருஷம் இருந்தாங்களே," என்றார்.