செவலை கிழித்த பழந்துணி

நாய் நம்மோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கடலோரத்தில் சடைச்சி என்றொருத்தி இருந்தாள். உப்பளத்தில் வேலை. வீட்டில் பூவாயி என்ற சின்ன மகளும் செவலை என்ற நாயும். அளத்துக்குள் நாயை விடமாட்டார்கள். விடிந்ததும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பினால் செவலை ஆரம்பித்துவிடும். "ஆத்தா, எப்ப வருவ? நான் தனியா என்ன பண்ணுவேன்?" நச்சரிப்பு என்றால் அப்படியொரு நச்சரிப்பு.

சடைச்சி ஒரு வழி கண்டுபிடித்தாள். நைந்த சேலைத் துண்டில் கருவாட்டை வைத்துச் சுருட்டி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, ஓட்டைக் கூடைக்குள் தேங்காய்ச் சிரட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைப்பாள்.

"தேடி எடுத்து அவுத்துத் தின்னு. கடைசி முடிச்சு அவிழும்போது நான் வாசல்ல நிப்பேன்."

அரை நாள் வேலைக்கு மூன்று முடிச்சு, முழு நாளுக்கு ஏழு. ஒருநாளும் தப்பியதில்லை. அந்தக் காலத்து நாய்கள் பொறுமைசாலிகள். பல்லால் மெல்ல மெல்ல இழுத்து அவிழ்க்குமே தவிர ஒரு நூலையும் அறுக்காது.

ஒரு மாசியில் பூவாயிக்குக் காய்ச்சல் கண்டது. கண் செருகிவிட்டது. வைத்தியர் இருந்ததோ எதிர்த்தீவில். "நாயை ஏத்த மாட்டேன், படகு தாங்காது" என்றார் படகுக்காரர். விஷயம் தெரிந்தால் செவலை கடலில் குதித்துப் பின்னாலேயே நீந்தி வந்து செத்துப்போகும் என்று சடைச்சி பயந்தாள்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம், பாவி. எத்தனை நாளாகும் என்று தெரியாது, காத்திரு என்றால் அதற்குப் புரியாதா? சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஈரத் துணியில் குருட்டு முடிச்சாகப் போட்டு இறுக்கினாள். முடிச்சு அவிழாதவரை என் சொல் பொய்யாகாது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். பதற்றத்தில் கருவாடு வைக்கவும் மறந்துபோனாள்.

"அவுக்கறதுக்குள்ள வந்துருவல்ல, ஆத்தா?"

"வந்துருவேன்யா."

முடிச்சு காய்ந்து கல்லாகிவிட்டது. ஒருநாள், இரண்டு நாள், ஒன்பது நாள். செவலையின் ஈறில் ரத்தம் கசிந்தது. பத்தாம் நாள் அது துணியை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு பல்லால் கிழித்தது. உள்ளே ஒன்றுமில்லை. நிமிர்ந்து பார்த்தது. வாசலிலும் யாருமில்லை.

பதினோராம் நாள் சடைச்சி திரும்பினாள். இடுப்பில் பிள்ளை இல்லை. தீவு மண்ணிலேயே புதைத்துவிட்டு வந்திருந்தாள். கந்தல் நடுவே செவலை படுத்திருந்தது. அவள் அதன் எதிரில் உட்கார்ந்தாள்.

"பாப்பா எங்கேன்னு கேளுடா. என்னை ஏசவாவது செய். வேற யாரு இருக்கா எனக்கு?"

செவலை எழுந்து வந்து அவள் கையை முகர்ந்தது. வெறும் இடுப்பை முகர்ந்தது. அவள் சாகும்வரை கூடவே கிடந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று முதல்தான் நாய்களுக்குப் பேச்சு இல்லாமல் போனது. அன்று முதல்தான், நாம் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் அவை பழந்துணியை எடுத்து வைத்துக்கொண்டு கிழிக்கின்றன. திரும்பி வந்து நாம் திட்டும்போது பதில் சொல்லாமல் நம் கையையும் இடுப்பையும் முகர்ந்து, போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொள்கின்றன.