தாண்டவராயர் வாங்கிய ஆறாவது பேனா

"இதுவும் எழுதலம்மா. அஞ்சு கடை, அஞ்சு பேனா. அத்தனை பேரும் களவாணிப் பயலுவ."

தாண்டவராயர் ஐந்தாவது பேனாவை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

மங்கையர்க்கரசி அம்மை பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருக்குக் குரல் கிடையாது. தட்டச்சு பழக்கமில்லை, விரலால் எழுதினால் எழுத்து கலங்கும்; அதனால் தொடுதிரையில் பேனாவால் எழுதுவார். லேப்டாப் அதை வாய்விட்டுப் படிக்கும். பாபநாசத்து ஆற்றங்கரை ஆசிரமத்தில் இரண்டு வருடமாகக் குருவின் குரல் அதுதான்.

பழைய பேனாவைக் குரங்கு பறித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் குரங்கை யாராவது ஏவிவிட்டிருப்பார்களோ என்றுகூடத் தாண்டவராயருக்கு ஒரு சந்தேகம்.

அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. முப்பது வருடம் கடை கடையாய் ஏறித் தராசும் எடைக்கல்லும் சோதித்த அதிகாரி. அம்மையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சரியான தூக்கம் இல்லை. உபதேசம் கிடைத்தால் தூங்கலாம் என்று நம்பி ஆறு வருடமாக இங்கே காத்துக் கிடக்கிறார்.

ஒருவழியாக அம்மை நாள் குறித்திருந்தார். நாளைக் காலை. உபதேசம் காதில் விழ வேண்டியது. தாளில் எழுதி நீட்டுவது இல்லை. பேனா கிடைக்காவிட்டால் நாளையும் இல்லை. இதுவும் தட்டிக்கழிக்கிற வழிதானோ என்று அம்மையின் மேலும் அவர் ஒரு கண் வைத்திருந்தார்.

கடைக்காரர்கள் என்ன கேட்டார்கள் என்று அம்மை சைகையால் விசாரித்தார்.

"எந்த மாடல்னு கேட்டானுவ. நான் சொல்வேனா? சொன்னா, கையில கெடச்சத எடுத்து, இது அதுக்குன்னே செஞ்சதும்பான். தொழில் தெரிஞ்சவன்னா அவனாக் கண்டுபிடிக்கட்டும்னு பேசாம நின்னேன்."

 அம்மை லேப்டாப்பை மூடி அவர் மடியில் வைத்தார். வாசலைக் காட்டினார்.

கடைக்குக் கொண்டுபோனால் உள்ளே இருப்பதை உருவிவிடுவார்கள் என்று தாண்டவராயர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நீட்டிய விரல் இறங்கவில்லை.

அம்பாசமுத்திரத்தில் சாகுல் என்பவனின் கணினிக் கடைக்குப் போனார். மூன்றாவது பேனா அங்கே வாங்கியது. சாகுல் லேப்டாப்பைத் திருப்பி, அடியில் இருந்த மாடல் எண்ணைப் படித்தான். தாண்டவராயர் ஒரு மூலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாகுல் உள்ளேயிருந்து ஒரு பேனாவை எடுத்து வந்து திரையில் இழுத்தான். கோடு விழுந்தது.

"எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலயும் எழுதாது சார். அன்னைக்கே கேட்டேன். நீங்க வாயத் தொறக்கல. நான் என்ன செய்ய?"

பஸ்ஸில் திரும்பும்போதும் தாண்டவராயர் அந்தப் பேனாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் குளித்து, திருநீறு பூசி, அம்மையின் முன்னால் உட்கார்ந்தார்.

அம்மை எழுதினார். லேப்டாப் படித்தது.

"சொல்லுங்க."

தாண்டவராயர் திகைத்தார். "நான் என்னத்தச் சொல்ல? நீங்கதானம்மா சொல்லணும்?"

அம்மை பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆறு வருடம். எதற்காக வந்தார் என்று ஒரு நாளும் அவர் வாய் திறந்ததில்லை. நிஜமான குரு என்றால் தானாகவே தெரிந்திருக்க வேண்டாமா என்று இருந்துவிட்டார்.

தாண்டவராயருக்குச் சட்டென்று சாகுல் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"ஆலங்குளத்துல ஒரு பலசரக்குக் கடைம்மா," என்றார். "அந்தாளு தராசு சரியாத்தான் இருந்தது. நான்தான் தப்புன்னு எழுதினேன்."