மாவட்ட அணி யாருக்கு?

இந்தக் கதையைப் பாதி கேட்டதுமே பலர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் பொறுங்கள்.

குமரிக் கடலோரத்தில் மணல்துறை, கல்லுமுனை என்று இரண்டு ஊர்கள். மணல்துறைக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் லியோன்ஸ். கல்லுமுனைக்கு வில்பிரட். இவர்களில் ஒருவரை மாவட்ட அணிக்குப் பயிற்சியாளராக அமர்த்த வேண்டும். முடிவு தேர்வுக் குழுத் தலைவர் டெல்பின் டீச்சர் கையில். ஒரு காலத்தில் மாநிலத்துக்கு ஆடியவர். யார் சிபாரிசுக்கும் மசியாதவர். பதவி பெரியதுதான், வேலை அதைவிடப் பெரியது. பல ஊர்களிலிருந்து வரும், சேர்ந்து ஆடிப் பழகாத பையன்களை இரண்டே வாரத்தில் ஓர் அணியாக்கி மாநிலப் போட்டியில் இறக்க வேண்டும்.

லியோன்ஸ் அந்த ஆண்டு கடலோரக் கோப்பையை வென்றிருந்தார். விசைப்படகு முதலாளிகள் அவருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக் கேரளத்திலிருந்து ஐந்து பேரைக் கொண்டுவந்தார். உள்ளூர்ப் பையன்கள் பலர் பெஞ்சுக்குப் போனார்கள். ஆனாலும் காலைப் பயிற்சியில் அவர்களை அவர் ஒதுக்கியதில்லை; ஐவரோடு சேர்த்தே ஓடவைத்தார். அரையிறுதிக்குச் சில நாள் முன்னால், மலப்புரத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயங்களில் கூடுதல் பணம் கிடைக்கிறது என்று ஐந்து பேரும் கிளம்பிவிட்டார்கள். அதுவரை சேர்ந்து ஓர் ஆட்டமும் ஆடியிராத பெஞ்சுப் பையன்களை லியோன்ஸ் இறக்கினார். அரையிறுதியையும் இறுதியையும் அவர்களை வைத்தே ஜெயித்தார்.

வில்பிரட்டுக்கு நான்காம் இடம். ஊர்க் கமிட்டி தந்தது பந்துக்கும் பஸ்ஸுக்குமே சரியாகப் போனது. வெளியாட்களைப் பிடிக்கப் பணம் தருவதாக மீன் ஏலக்காரர் ஒருவர் வந்தார். வில்பிரட் மறுத்துவிட்டார். "எனக்க பிள்ளைகள வெளிய உக்கார வச்சிட்டு எவனையோ ஆடவிடவா?" அந்தப் பிள்ளைகளை ஆறு வருடம் வளர்த்தவர் அவர். அவர் கண்ணசைத்தால் போதும், அவர்களுக்குப் புரியும். பணக்கார அணிகள் பலவும் அவர்களிடம் தோற்றன.

இருவரும் டீச்சர் முன் வந்து உட்கார்ந்தார்கள்.

"அவருக்குக் கிடச்சதுல பாதி எனக்குக் கிடச்சிருந்தா, டீச்சரே, கோப்பை எங்க ஊருக்கு வந்திருக்கும்" என்றார் வில்பிரட்.

"தந்தாங்க, வாங்கினேன். நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கு எனக்க மார்க்கக் குறைக்கணுமா?" என்றார் லியோன்ஸ்.

தேர்வுக் குழுவில் ஒருவர் ஒவ்வோர் அணியின் செலவையும் அது எடுத்த புள்ளிகளால் வகுத்துப் பார்த்துவிட்டு வில்பிரட்டைக் காட்டினார். இன்னொருவர் கோப்பையைக் காட்டினார். "சாயங்காலத்துக்குள்ள சொல்லுவேன். அதுவரை யாரும் எனக்குப் போன் பண்ணக்கூடாது" என்று டீச்சர் எழுந்துகொண்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பணத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், மாவட்ட அணியை யாரிடம் ஒப்படைப்பது சரி?

விடை: லியோன்ஸிடம். குறைந்த செலவில் அதிகம் சாதித்தவர் வில்பிரட்தான். சாயங்காலம் எல்லோரும் கூடியபோது டீச்சரே அதைச் சொன்னார். லியோன்ஸின் வெற்றிகளில் பணம் வாங்கித் தந்தவற்றை டீச்சர் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். மிஞ்சியவை கடைசி இரண்டு ஆட்டங்கள். சேர்ந்து ஆடிப் பழகாதவர்களைச் சில நாளில் அணியாக்கியதற்கு அவையே சாட்சி. மாவட்ட அணிக்கு வேண்டிய திறமை அதுதான். ஆறு வருடம் காத்து வளர்க்க அங்கே நேரமில்லை.

முடிவைக் கேட்டதும் வில்பிரட் லியோன்ஸிடம் திரும்பினார்.

"எனக்க பிள்ளைகள்ல எத்தன பேர எடுக்கப்போறீரு?"

"நாலு. எல்லாரும் முன்னால ஆடுறவங்க."

"அப்ப கோல்கீப்பர விட்டுட்டீரு. நாளைக்கு நானே கூட்டிட்டு வாறேன். அவன் ஆடுறதப் பாத்துட்டுச் சொல்லும்."