கூர் கெடாத கோடாலி

வெள்ளந்திவிளைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். இருந்தது. செலவாகிவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த ஊர் வேதக்கண்ணின் மகள் எப்சிபாவுக்குத் திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கல்யாணம். சனிக்கிழமை அடித்த காற்றில், கல்யாணம் நடக்கவேண்டிய வேதக்கோயில் முன்னால் நின்ற வாகைமரம் சாய்ந்து, இருந்த ஒரே வாசலையும் அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடங்கல் வந்தால் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லியும் விட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை வெயிலில் நடந்தது. உபதேசியார் சமயம் பார்த்து வேதத்திலிருந்து எடுத்து விளக்கினார்.

"மழுங்கின இரும்பைத் தீட்டாம விட்டா பலம்தான் வீணாப்போகும். வேலைக்கு முன்னால ஆயுதத்தைத் தயார் பண்ணணும். ஞானம்னா அதுதான்."

வேதக்கண் உருகிப்போனார். அன்று மதியமே அவரும் மைத்துனர்கள் எஸ்றாவும் தீமோத்தேயுவும் கோடாலியைத் தீட்ட உட்கார்ந்தார்கள். திங்கள் காலைவரை தீட்டினார்கள். மரத்தில் ஒரு சிராய்கூடப் பெயரவில்லை. ஆனால் எஸ்றா அந்தக் கோடாலியால் முகச்சவரம் செய்துகொண்டான்.

ஒன்பது மணிக்கு வேதக்கண் கோடாலியை ஓங்கினார். தீமோத்தேயு பாய்ந்து அவர் கையைப் பிடித்தான்.

"அத்தான், என்ன காரியம் செய்யுதிய! மரத்துல போட்டா கூரு போயிருமே!"

மூவரும் யோசித்தார்கள். எவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய கூர்! அதைக் கெடுத்துவிட்டு உபதேசியார் முகத்தில் எப்படி முழிப்பது?

"அப்போ எதை வச்சுலே வெட்ட?" என்றார் வேதக்கண், அழாத குறையாக.

"பின்பக்கம் சும்மாதானே இருக்கு," என்றான் எஸ்றா. "அதால அடிப்போம். முன்பக்கம் தீட்டினது தீட்டினபடியே இருக்கும்."

இப்படி ஒரு மைத்துனனைக் கொடுத்ததற்காக வேதக்கண் ஆண்டவரை மனதாரத் துதித்தார். கல்யாணத்துக்கு வாங்கிய புது வேட்டியைக் கிழித்துக் கூர்ப்பக்கத்தில் சுற்றிவிட்டு, பின்பக்கத்தால் மொத்தத் தொடங்கினார்கள்.

பத்தே முக்காலுக்கு மாப்பிள்ளை வேன் வந்தது. மரம் அப்படியே கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா இறங்காமலே வேனைத் திருப்பச் சொன்னார். உபதேசியார் ஓடிவந்து, கெஞ்சிக் கூத்தாடி அவரை நிறுத்திவிட்டு வேதக்கண்ணிடம் சீறினார்.

"வேய், மழுங்கின பக்கத்தால அடிச்சா மரம் எப்படிவே வெட்டுப்படும்?"

வேதக்கண் கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"நேத்தே சொன்னீயளே ஐயா, புத்திகெட்டவன் மறந்துட்டேன்!" என்றவர் மைத்துனர்களைக் கூப்பிட்டார். "எலே, சாணைக்கல்லை எடுங்க, பின்பக்கத்தையும் தீட்டணும். மாப்பிள்ளை வீட்டாளுகளுக்குக் காப்பி குடுத்து உக்காரச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில முடிஞ்சிரும்."